இசைப் படிப்பின் வாசலைத் திறந்து விடுங்கள்!

பட்டப் படிப்பின் அமைப்பு நாடெங்கும் மாற்றி எழுதப்பட்டு வருகிறது. 2022 டிசம்பரில் பல்கலைக் கழக மானியக் குழு இளநிலைப் படிப்புகளுக்கென ஒரு புதிய சட்டகத்தை வெளியிட்டது. பிரதானப் பாடம் ஒன்று, அதனோடு 'மைனர்' என்ற பெயரில் துணைப்பாடம் ஒன்று என்று அது வகுத்துச் சொல்கிறது. தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்கவில்லை. ஆயினும் இங்கேயும் 2023-ல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்தது. தன்னாட்சிக் கல்லூரிகள் தத்தம் பாடத்திட்டங்களைத் தாமே திருத்திக் கொள்கின்றன. துணைப்பாடம் என்பது நமக்குப் புதிய சங்கதியல்ல. நம் தகப்பன்மார் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. எனவே பெயரைப் பற்றி இங்கே வாதிடப் போவதில்லை. ஒரு பாடத்தைத் துணைப்பாடமாக எடுக்க யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும் நிபந்தனைகளைப் பற்றியே பேச விரும்புகிறோம். குறிப்பாக, இசைப் பாடத்துக்கான நிபந்தனைகளைப் பற்றி.

அம்பத்தூர்த் தோழர்கள் சிலர் இதைப் படித்ததும் புருவத்தை உயர்த்தக் கூடும். "கூலி உயர்வுக் கோரிக்கை அப்படியே கிடக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரம் இல்லை, இந்த நேரத்தில் பாட்டுப் படிப்புக்கு ஒரு தலையங்கமா?" என்று கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. அதற்குப் பதிலாக, நம் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம்.

தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டும் தொழிலாளி ஒருவர். அவருடைய மூத்த மகள் அந்தக் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பெண் பாடுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பறையடிக்கும் தாய்மாமனிடம் தாளம் கேட்டாள். வானொலியில் பாட்டுக் கேட்டாள். மே தினக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால், ஒலிபெருக்கி வைத்தவன் கூட வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பான். வணிகவியல் படிக்கச் சேர்ந்த கல்லூரியில் இசையும் துணைப்பாடமாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். அங்கே ஒரு நிபந்தனை இருந்தது. வர்ணம் ஒன்றை இரண்டு காலத்தில் பாடிக் காட்ட வேண்டும். அல்லது முன்பு இசை பயின்றதற்குச் சான்றிதழ் கொண்டு வர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வர்ணம் என்றால் நிறம் என்று மட்டுமே தெரியும். அவளைக் கணினிப் பயன்பாடு படிக்க அனுப்பி விட்டார்கள்.

அவளைத் திருப்பி அனுப்பிய ஆசிரியையை நாம் குறை சொல்லவில்லை. அவரும் நிரந்தரம் இல்லாதவர். ஒரே அறையில் இரண்டு வகுப்புகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர். சரளி வரிசையிலிருந்து தொடங்க அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. ஆகவே, ஏற்கெனவே கற்றவர்களை மட்டும் சேர்த்துக் கொண்டால்தான் பாடத்திட்டத்தை முடிக்க முடியும். குற்றம் ஆசிரியையிடம் இல்லை. நிபந்தனையிலும், நிபந்தனைக்குப் பின்னால் உள்ள பணக் கணக்கிலும் இருக்கிறது.

'மைனர்' என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் வேறொரு பொருள் உண்டு. ஜிப்பாவும் கழுத்தில் சங்கிலியுமாக, பாடுபடாமல் பாட்டுக் கேட்டுத் திரிந்த மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெயர். கல்லூரியின் இசை 'மைனர்' படிப்பும் கடைசியில் அந்த மைனர்களுக்கே போய்ச் சேர வேண்டுமா? இதுதான் நம் கேள்வி.

இந்த நிபந்தனையின் உண்மையான பொருள் என்ன? பதினெட்டு வயதில் ஒருவன் வர்ணம் பாட வேண்டுமானால், எட்டு வயதிலோ பத்து வயதிலோ அவனுக்கு ஒரு வாத்தியார் வாய்த்திருக்க வேண்டும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி என்று படிப்படியாக ஏறி வந்திருக்க வேண்டும். அதற்கு மாதா மாதம் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு சுருதிப் பெட்டியும், சாதகம் செய்ய ஒரு மூலையும் இருந்திருக்க வேண்டும். அம்பத்தூர், கொரட்டூர், பாடி வட்டாரத்தில் வரிசை வீட்டில் ஒற்றை அறைக்குள் ஐந்து பேர் குடியிருக்கும் குடும்பத்துக்கு அந்த மூலை எங்கே? இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் உறங்கும் பக்கத்து வீட்டுக்காரனை வைத்துக்கொண்டு, எந்தப் பையன் மிருதங்கம் அடித்துப் பழகுவான்? கல்லூரி கேட்பது இசைத் திறமையை அல்ல; தகப்பனுடைய வருமானத்தையே கேட்கிறது. கேள்வியை மட்டும் ஸ்வரத்தில் கேட்கிறது!

சரி, வீட்டில் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் கற்றிருக்கலாமே என்பார்கள். பள்ளிக்கூடத்தின் கதையைப் பார்ப்போம். 2012-ல் தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி முதலானவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிற்பாடு சம்பளம் சிறிது சிறிதாக உயர்ந்தது. அதற்கும் கூட அவர்கள் ஆண்டுக் கணக்கில் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கையில் எல்லாப் பாடங்களும் அடக்கம். இசைக்கு வந்தது அதில் ஒரு பங்குதான். பள்ளியில் வாத்தியாரைப் போடாமல், கல்லூரியில் பயிற்சிக்குச் சான்று கேட்பது, விதைக்காத வயலில் கண்டுமுதல் கேட்பதற்கு ஒப்பாகும்.

இசையைக் கல்லூரிக்குள் கொண்டு வந்தது எதற்காக என்பதைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வது நல்லது. ஒரு காலத்தில் இந்தக் கலை குருவின் வீட்டிலும், பரம்பரைக் குடும்பங்களிலுமே இருந்தது. குருவின் மனமிருந்தால் வித்தை கிடைக்கும். பிறப்பு ஒத்து வந்தால் திண்ணையில் இடம் கிடைக்கும். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் மருத்துவத் தொழிலில் ஈட்டிய பணத்தைக் கொட்டி ஆராய்ந்து, 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை அச்சிட்டார். வித்தை ஏட்டுக்கு வந்தது. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி ஏற்படுத்தினார். 1932-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் இந்திய இசைத் துறை உண்டாயிற்று. 1949-ல் சென்னையில் சர்க்காரே கர்நாடக இசைக் கல்லூரியைத் தொடங்கி, முசிறி சுப்பிரமணிய அய்யரை முதல்வராக அமர்த்தியது. திண்ணையில் இடம் கிடைக்காதவனுக்கும் வகுப்பறையில் ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதே இவற்றால் விளைந்திருக்க வேண்டிய நன்மை. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்து, கச்சேரிகளிலும் இசைக் கல்வியிலும் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று போராடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எதைப் பாடுவது என்பது அன்றைய சண்டை. யார் பாடுவது என்ற சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது.

"நிபந்தனையைத் தளர்த்தினால் தரம் கெட்டுப் போகும்" என்று உடனே ஒரு குரல் எழும். இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. தரம் வேண்டும். அரைகுறைப் பாட்டைக் கேட்டுக் கை தட்ட வேண்டிய அவசியம் தொழிலாளிக்கு இல்லை. ஆனால் தரம் எங்கே நிர்ணயமாகிறது? நுழையும்போதா, வெளியேறும்போதா?

அம்பத்தூரில் சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஃபிட்டர் பிரிவிலும் டர்னர் பிரிவிலும் சேர வரும் பையனிடம், "இதற்கு முன் அரம் பிடித்திருக்கிறாயா? லேத் ஓட்டிக் காட்டு பார்க்கலாம்" என்று யாராவது கேட்கிறார்களா? பள்ளிப் படிப்பைத்தான் பார்க்கிறார்கள். அரம் எப்படிப் பிடிப்பது என்பதை நிலையம்தான் சொல்லிக் கொடுக்கிறது. அரமும் இரும்பும் இயந்திரமும் நிலையமே கொடுக்கிறது. இரண்டு வருஷம் கழித்துத் தொழில் பரீட்சை வைத்து, தேறினவனுக்கே சான்றிதழ் கொடுக்கிறார்கள். உள்ளே வரும்போது ஒன்றும் தெரியாதவனாக வந்த அந்தப் பையன்தான், நூலிழையில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் இரும்பைக் கடைந்து எடுக்கிறான். வாசல் திறந்திருந்ததால் அவன் தரம் கெட்டுப் போயிற்றா?

கல்லூரியிலேயே பாருங்கள். வேதியியலைத் துணைப்பாடமாக எடுப்பவன் சோதனைக் குழாயை வீட்டிலிருந்து கொண்டு வருவதில்லை. கணினிப் பாடம் எடுப்பவனிடம் உன் வீட்டில் கணினி இருக்கிறதா என்று கேட்பதில்லை. கல்லூரி ஆய்வுக் கூடம் கட்டுகிறது. இசைக்கு மட்டும் ஏன் வயலினும் வீணையும் வீட்டிலிருந்து வர வேண்டும்? ஒப்பந்தத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் வீணை வாங்க முடியுமா?

தொழிலாளிக்குக் காது இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நல்ல டர்னர் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது எழும் ஓசையைக் கொண்டே உளி மழுங்கிவிட்டது என்பான். வேகம் கூடிப் போயிற்று என்பான். தாங்கு உருளை தேய்ந்திருக்கிறது என்பான். 1964-ல் தொடங்கி 1,430 ஏக்கரில் விரிந்த இந்தத் தொழிற்பேட்டையில், காதைத் தீட்டி வைத்துக்கொண்டு தினந்தோறும் எட்டு மணி நேரம் நிற்பவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுடைய குழந்தைகளுக்குச் சுருதி பேதம் தெரியாது என்று எந்தப் பரீட்சையில் கண்டுபிடித்தார்கள்?

நேரம் போதாது என்ற வாதத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மானியக் குழுவின் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் படிப்பு 120 கிரெடிட். அதில் துணைப்பாடத்துக்கு 24. விரிவுரை என்றால் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி; செய்முறை என்றால் 30 மணி. இசைக்கு எட்டு கிரெடிட் விரிவுரை, பதினாறு கிரெடிட் செய்முறை என்று வைத்துக் கொண்டால், 120 மணியும் 480 மணியும் சேர்ந்து 600 மணி நேரம் ஆகிறது. மூன்றாண்டுக்கும் பரப்பினால் பருவத்துக்கு நூறு மணி. ஆர்வமுள்ள ஒரு பிள்ளைக்கு, சரளி வரிசையில் தொடங்கி, கீதம் கடந்து, வர்ணமும் சில கீர்த்தனைகளும் பாட இந்த நேரம் போதும். வித்துவான் ஆக்க முடியாதுதான். துணைப்பாடம் வித்துவானை உண்டாக்கும் இடமல்ல. இசை தெரிந்த மனிதனை உண்டாக்கும் இடம்.

இதே சட்டகம், இரண்டாம் பருவத்தின் முடிவில் மாணவன் தன் துணைப்பாடத்தைத் தேர்ந்து அறிவிக்கலாம் என்கிறது. பலவற்றையும் தொட்டுப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கட்டும் என்பது அதன் கருத்து. அப்படியானால், முன்பின் தெரியாதவனும் வரலாம் என்றுதானே பொருள்? வாசலில் வர்ணம் கேட்டால், தொட்டுப் பார்ப்பது எங்ஙனம்?

வெளிநாடுகளிலும் இந்தப் பிரச்னை எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகம் பாட்டாளிகளின் பல்கலைக் கழகம் அல்ல. அங்கேயே 2017-ல் இசைத் துறை, இசையைப் பிரதானப் பாடமாகப் படிப்போருக்கான நிபந்தனைகளைத் திருத்தியது. எல்லோருக்கும் கட்டாயமாக இருந்த கோட்பாட்டுப் பாட வரிசையைக் கட்டாயம் அல்ல என்று மாற்றியது. சிறு வயதில் தனிப்பயிற்சிக்குப் பணம் செலவிட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்தப் பாதை வசதியாக இருந்தது என்பதைத் துறையினரே ஒப்புக் கொண்டார்கள். வெனிசுவேலாவில் 1975-ல் ஜோஸே அந்தோனியோ அப்ரேயு என்பவர் விரல் விட்டு எண்ணக் கூடிய இளைஞர்களைக் கொண்டு தொடங்கிய இசைப் பயிற்சி, சர்க்காரின் பண உதவியோடு நாடெங்கும் பரவியது. கருவியும் ஆசிரியரும் இலவசம், முன்பயிற்சி கேட்பதில்லை. அங்கே பயின்ற குஸ்தாவோ டுடாமெல் 2009-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் இசைக் குழுவின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

வெளிநாடு வரை போவானேன்? நம்முடைய எம்.பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். தனித்தனியே கச்சேரி செய்யும் வித்துவான்களை அவர் தேடிப் போகவில்லை. சாதாரண இளைஞர்களை நிற்க வைத்து, பல குரல்களை ஒரே பாட்டாக இணைத்துக் காட்டினார். நம் சர்க்காரின் மாவட்ட இசைப் பள்ளிகளிலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. அங்கே நாதஸ்வரம், தவில், தேவாரம் கற்க வருகிறவனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மாவட்டப் பள்ளிக்குப் பொருந்தும் நியாயம் பட்டக் கல்லூரிக்குப் பொருந்தாதா?

இங்கே மற்றோர் ஆபத்தையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நிபந்தனையைத் தளர்த்துங்கள் என்று நாம் சொன்னவுடன், சில நிர்வாகங்கள் மகிழ்ச்சியோடு தலையாட்டி, இசையையே எடுத்துவிட்டு, 'இசை ரசனை' என்று ஒரு தாளை வைத்துவிடும். நான்கு விடைகளில் ஒன்றுக்கு டிக் அடித்துத் தேறிவிடலாம். தியாகய்யர் பிறந்த ஊர் தெரியும். ஒரு ஸ்வரம் பாடத் தெரியாது! அல்லது இணையவழிப் பாடத்தைக் காட்டுவார்கள். 2021-ன் விதிப்படி கிரெடிட்டுகளில் நூற்றுக்கு நாற்பது வரை 'ஸ்வயம்' இணையப் பாடங்களில் பெறலாம். தொலைவில் உள்ள பெரிய வித்துவானின் பாட்டைத் திரையில் கேட்பது நல்லதே. ஆனால் மாணவன் சுருதி விலகும்போது, "நில், மறுபடி பாடு" என்று சொல்ல எதிரே ஒரு மனிதன் வேண்டும். ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டுவதை நாம் ஒருநாளும் ஏற்க மாட்டோம். வாசலை அகலப்படுத்துங்கள், படியைத் தாழ்த்தாதீர்கள். ஏறக் கற்றுக் கொடுங்கள். இதுவே நம் கருத்து.

எது இசை என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. பறையின் அடிகளை மனப்பாடமாக வாசிப்பவனும், மாதா கோவில் பாடகர் குழுவில் பல வருஷம் பாடியவளும், வில்லுப்பாட்டுக்குக் குடம் தட்டியவனும் முன்பயிற்சி இல்லாதவர்கள் என்று சொல்வது அறியாமை. அவர்கள் கற்றது காகிதத்தில் இல்லை; கையிலும் தொண்டையிலும் இருக்கிறது. அவர்களைச் சேர்த்துக்கொண்டு கீர்த்தனையும் கற்றுக் கொடுங்கள். கீர்த்தனை கற்று வந்த பிள்ளையைப் பறையின் தாளத்தையும் கற்கச் செய்யுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று நாம் கேட்கவில்லை. இரண்டும் எல்லோருக்கும் வேண்டும் என்கிறோம்.

கற்பிப்பவர் விஷயத்திலும் கதவு குறுகலாகவே இருக்கிறது. 2018-ன் மானியக் குழு விதிகள் கலைஞர்களுக்கென்று தனி வழி ஒன்று வைத்திருக்கின்றன. ஆனால் அதற்கும் பட்டமும், வானொலியின் 'ஏ' தரமும் கேட்கின்றன. அரைநூற்றாண்டு தவில் வாசித்த கிராமத்துக் கலைஞர் எங்கே போவார்? 2023-ல் கலைஞர்களைக் கல்லூரிகளில் அமர்த்திக் கற்பிக்கச் செய்யும் நெறிமுறை ஒன்று வந்தது. வரவேற்கிறோம். ஆனால் அது நிரந்தர ஆசிரியருக்குத் துணையாக இருக்க வேண்டுமேயன்றி, நிரந்தர இடத்தைக் காலியாக வைக்க ஒரு சாக்காக இருக்கக் கூடாது. தொழிற்பேட்டையில் ஒப்பந்த முறையின் கொடுமையை அனுபவித்த நமக்கு, வீணைக்குப் பின்னால் அது ஒளிந்து வந்தாலும் அடையாளம் தெரியும்.

ஆகவே, சர்க்காரையும் பல்கலைக் கழகங்களையும் தன்னாட்சிக் கல்லூரிகளையும் நாம் கேட்பது இவை:

1. இசையைத் துணைப்பாடமாக எடுக்க முன்பயிற்சியோ சான்றிதழோ நிபந்தனையாக இருக்கக் கூடாது. ஆர்வமும், கேட்டுத் திருப்பிச் சொல்லும் திறனும் போதும். முதல் இரண்டு பருவங்களில் சரளி வரிசையிலிருந்து தொடங்கும் வகுப்பு இருக்க வேண்டும். முன்பே கற்றவர்களுக்கு மேல்வகுப்பு தனியே நடக்கட்டும்.

2. இறுதிச் செய்முறைப் பரீட்சை கண்டிப்பாக இருக்க வேண்டும். பாடாமல், வாசிக்காமல் ஒருவரும் தேறக் கூடாது.

3. பறை, தவில், நாதஸ்வரம், நாட்டுப் பாடல், சேர்ந்திசை ஆகியவையும் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் போன்றே தேர்ந்தெடுக்கத் தக்க பிரிவுகளாக வேண்டும்.

4. கருவிகளைக் கல்லூரியே வாங்கி மாணவருக்கு இரவல் கொடுக்க வேண்டும். மாலையிலும் விடுமுறையிலும் சாதக அறை திறந்திருக்க வேண்டும். தனிக் கட்டணம் கூடாது.

5. இசை ஆசிரியர் இடங்கள் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். பள்ளிகளின் பகுதிநேர இசை ஆசிரியர்களை நிரந்தரமாக்க வேண்டும். வேர் அங்கேதான் இருக்கிறது.

இவற்றில் ஒன்றாவது நடக்க முடியாத காரியமா? அரம் பிடிக்கக் கற்றுக் கொடுக்கும் நாடு, ஸ்வரம் பிடிக்கவும் கற்றுக் கொடுக்கலாம்.

மாணவர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இந்தக் கோரிக்கைகளை விவாதிக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இதை மாணவர் விஷயம் என்று ஒதுக்கி விடக் கூடாது. கல்லூரியில் இடம் மறுக்கப்படுவது நம் வீட்டுப் பிள்ளைக்குத்தான். எட்டு மணி நேர வேலை கேட்டபோது, மிச்ச நேரம் உறங்குவதற்கு மட்டும் என்று நம் முன்னோர் கேட்கவில்லை. படிக்கவும் பாடவும் மனிதனாக வாழவும் சேர்த்துத்தான் கேட்டார்கள். அம்பத்தூர் வட்டாரச் சங்கங்கள் வாயிற்கூட்டங்களில் இதைப் பேசி, கையெழுத்து வாங்கி, உயர்கல்வித் துறைக்கு அனுப்பினால் அது நல்ல தொடக்கமாகும்.

அந்த லேத் தொழிலாளியின் மூத்த மகள் கணினிப் பயன்பாட்டில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள். அது குறித்து நமக்கும் மகிழ்ச்சியே. அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். அக்காளை விட நன்றாகப் பாடுகிறாள் என்று தகப்பனார் சொல்லுகிறார். அவள் கல்லூரிக்குப் போகும் நாளில், "என்ன கற்று வந்தாய்?" என்று கேட்காமல், "என்ன கற்க விரும்புகிறாய்?" என்று கேட்கும் ஒரு வாசல் அவளுக்கு முன் திறந்திருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதினோம்.